வெண்ணகத்தார் என்று யாரும் இல்லை

திருச்சி தில்லைநகரில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் மெய்யம்மையின் கொள்கைக் கடை இருந்தது. கடை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். பெயர்ப்பலகையில் 'கருத்துருவாக்க நிலையம்' என்றுதான் போட்டிருந்தாள். ஆனால் பல் பிடுங்க வந்தவர்களும் கொள்கை வாங்க வந்தவர்களும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியதால், தெருக்காரர்கள் அதைக் கடை என்றே சொல்லிவந்தார்கள்.

கல்யாண மண்டபம் பிடிப்பதைவிடக் கட்சி தொடங்குவது எளிதாகிவிட்ட காலம் அது. பெயரைப் பதிய ஒரு கைரேகை போதும். கொடியை இயந்திரம் வரைந்துவிடும், பிரசாரப் பாட்டை இன்னொரு இயந்திரம் மெட்டோடு துப்பிவிடும். கொள்கைதான் கொஞ்சம் மெனக்கெட வேண்டிய சரக்கு. அதற்காகத்தான் மெய்யம்மை 'மந்திரி'யை வைத்திருந்தாள். மந்திரி என்பது சுவரோரமாக, குளிர்சாதனப் பெட்டி அளவில் நின்ற இயந்திரம். உலகத்தில் இதுவரை அச்சான அறிக்கைகள், துண்டுப் பிரசுரங்கள், மேடைப் பேச்சுகள், நீதிமன்றத் தீர்ப்புகள் அத்தனையும் அதன் வயிற்றுக்குள் இருந்தன. மேடைப் பேச்சை அதிகம் தின்றதாலோ என்னவோ, அது வாயைத் திறந்தால் செந்தமிழ்தான் வரும்.

நிமிர்வுக் கழகத் தலைவர் பொன்னிறைவன் ஒரு வெயில் வேளையில் படியேறி வந்து, மூச்சு வாங்கியபடி நாற்காலியில் சாய்ந்தார். பெற்றோர் வைத்த பெயர் பொன்னுச்சாமி. கட்சி ஆரம்பித்தபோது பெயரையும் நிமிர்த்திக்கொண்டார். துறையூரில் இரண்டு அரிசி ஆலை, கணீரென்ற தொண்டை, நின்ற தேர்தலில் எல்லாம் டெபாசிட் இழந்த அனுபவம். ஆள் கெட்டவரல்ல. யாராவது செத்தால் முதல் மாலையோடு போய் நிற்கிறவர்.

"எனக்கு ஒரு கொள்கை வேணும் மேடம்."

"என்ன மாதிரி சார்?"

"கோபமா."

மெய்யம்மை குறித்துக்கொண்டாள். இதைவிட விசித்திரமான கேட்புகள் எல்லாம் வந்ததுண்டு.

"போன தடவ மதுவிலக்கு வச்சுப் பாத்தேன். கைதட்டுனாங்க, ஓட்டுப் போடல. அதுக்கு முன்னாடி ஆத்து மணல். அதுக்கும் நல்லாத்தான் கைதட்டுனாங்க. கோபம் இருந்தாத்தான் மேடம் மனுசன் வெயில்ல நிப்பான். இல்லாட்டி பிரியாணி தீந்ததும் எந்திரிச்சுப் போயிர்றான்."

அவள் மந்திரியைத் தட்டி எழுப்பினாள். "மந்திரி, சீக்கிரம் பத்திக்கிட்ட கொள்கை, ரொம்ப நாள் அணையாம எரிஞ்ச கொள்கை, எது?"

மந்திரி யோசிக்கவே இல்லை. "யூத எதிர்ப்பு, அம்மணி. இரண்டாவது இடத்தில் இருப்பது வெகு தொலைவில் இருக்கிறது."

"யாரு?" என்றார் பொன்னிறைவன். "அவங்க நம்ம தொகுதியில எத்தன பேரு?"

"துறையூர்த் தொகுதியில் யூதர் எவரும் வசிப்பதாகத் தகவல் இல்லை, ஐயா."

"ஒருத்தர்கூட இல்லியா? அப்புறம் எப்படிய்யா திட்டுறது? எதிர்ல ஆளு நின்னாத்தான திட்டுறதுக்கு வாயி வரும்?"

"எதிரில் நில்லாதிருப்பதே வசதி, ஐயா. ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறில் இங்கிலாந்து மன்னர் தம் நாட்டு யூதர் அனைவரையும் வெளியேற்றினார். அதன்பின் முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் அங்கே யூதர் என்று சொல்லிக்கொண்டு வாழ ஆளில்லை. வெறுப்பு மட்டும் நாடகத்திலும் நாட்டுப்பாட்டிலும் நலமாக வாழ்ந்தது. பார்த்தறியாத ஒருவரை வெறுப்பதில் ஒரு சுகம் உண்டு. அவர் நேரில் வந்து, குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லி, வெறுப்பைக் கெடுக்கமாட்டார்."

பொன்னிறைவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவங்க அப்படி என்னதான் தப்பு பண்ணாங்க?"

"முதலில் ஆள் வந்தார், தப்பு பிறகு வந்து சேர்ந்தது. தேவகுமாரனைக் கொன்றவர்கள் என்று தேவாலய மேடையில் சொல்லிச் சொல்லி ஆள் தயாராக இருந்தார். பிறகு ஐரோப்பாவில் கொள்ளைநோய் வந்தது. எலியும் தெள்ளுப்பூச்சியும் காரணம் என்று தெரிய இன்னும் ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆக வேண்டும். கிணற்றில் நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள்."

"அவங்களும் அந்தத் தண்ணியத்தானய்யா குடிச்சிருப்பாங்க?"

"குடித்தார்கள். அவர்களும் செத்தார்கள்."

"இத ஒருத்தனும் கேக்கலியா?"

"கேட்டார்கள். போப்பாண்டவரே கேட்டார். எழுத்து மூலமாக எல்லா ஊருக்கும் அனுப்பினார்."

"அப்புறம் என்னாச்சு?"

"ஸ்ட்ராஸ்பர்க் என்ற நகரத்தில் நோய் வந்து சேர்வதற்கு முன்பே யூதர்களை எரித்துவிட்டார்கள்."

"வர்றதுக்கு முன்னாடியேவா?"

"முன்னெச்சரிக்கையாக, ஐயா."

பொன்னிறைவன் மெய்யம்மையைப் பார்த்தார். மெய்யம்மை சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். மந்திரிக்கு இந்த மாதிரிச் சங்கடமெல்லாம் பழக்கமில்லை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. யூதரைப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை என்று, கொள்ளைநோய்க்கும் முன்பே அவர்கள் துணியில் தனி வில்லை தைக்கச் சொன்ன கதையைச் சொன்னது. பிறகு படித்தவர்கள் வந்த கதைக்குத் தாவியது.

"பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்விமான்கள் வந்தார்கள். மதத்தின் பேரால் வெறுக்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே அறிவியலின் பேரால் வெறுத்தார்கள். முன்பெல்லாம் மதம் மாறினால் தப்பிக்க ஒரு சந்து இருந்தது. இவர்கள் 'இரத்தம்' என்று சொல்லி அந்தச் சந்தையும் அடைத்தார்கள். வெறுப்புக்குப் புதிதாக, ஆய்வுக்கட்டுரை மணக்கும் ஒரு பெயர் சூட்டி, சங்கம் தொடங்கி, தேர்தலில் நின்றார்கள்."

கடைசிச் சொல்லில் தலைவருக்கு உயிர் வந்தது. "ஜெயிச்சாங்களா?"

"முதலில் சில இடங்கள்தாம். பிறகு ரஷ்யாவில், யூதப் பெரியவர்கள் இரகசியமாகக் கூடி உலகைப் பிடிக்கத் திட்டம் போட்டதாக ஒரு போலி ஆவணம் வந்தது. ஒரு பிரெஞ்சு மன்னரைக் கிண்டல் செய்து யாரோ எழுதியதிலிருந்து வரிவரியாகத் திருடியது அது. திருட்டு என்று செய்தித்தாளில் மெய்ப்பித்தும் விற்பனை குறையவில்லை. அதன்பின் ஜெர்மனி போரில் தோற்றது. 'நாம் தோற்கவில்லை, உள்ளிருந்தவர்களே முதுகில் குத்திவிட்டார்கள்' என்ற கதையோடு வந்தவர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். அந்நாட்டில் யூதர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை."

"பிடிச்சு?"

"அறுபது லட்சம் பேரைக் கொன்றார்கள்."

கீழே மருத்துவமனையில் பல் ராவும் சத்தம் கேட்டது. பொன்னிறைவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ்வளவெல்லாம் வேணாம் மேடம்," என்றார் கடைசியில். "எனக்கு ஒரு எட்டுத் தொகுதி போதும்."

அந்த இடத்தில் மெய்யம்மை எழுந்து வாசலைக் காட்டியிருக்க வேண்டும். அவளுக்கும் அது தோன்றாமலில்லை. ஆனால் வாடிக்கையாளர் எவரையும் அவள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. ஒரே நாளில் ஆளுங்கட்சிக்குச் சாதனை விளக்கமும் எதிர்க்கட்சிக்கு வேதனை விளக்கமும் எழுதிக்கொடுத்த கை அது. தொழில் கர்வம் என்பது ஒரு வியாதி, அவளுக்கு அது முற்றிப்போயிருந்தது.

தலைவர் மெதுவாக ஆரம்பித்தார். "யூதர் வேணாம். நம்ம பக்கத்துல இருக்கறவங்களா, இப்ப மார்க்கெட்ல புதுசா வந்து..."

மெய்யம்மை சுவரைக் காட்டினாள். டீக்கடையில் 'அரசியல் பேசாதீர்' என்று எழுதியிருப்பதுபோல, அங்கே 'எந்தச் சாதியும் மதமும் ஊரும் இங்கே திட்டப்படமாட்டாது' என்று எழுதியிருந்தது.

"நிஜமான ஆளுங்கள இங்க திட்டுறதில்ல சார்."

"அதுவும் சரிதான்," என்றார் பொன்னிறைவன், கோபித்துக்கொள்ளாமல். "நிஜமான ஆளத் திட்டுனா கேஸ் போடுவான், ஓட்டுப் போடமாட்டான்."

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வந்ததும் உடம்பெல்லாம் சில்லென்று ஆனது, அவ்வளவு பிடித்துப்போயிற்று. "சார், நிஜமாவே இல்லாத ஒரு கூட்டத்த நாமளே உண்டாக்கிட்டா? யாருக்கும் வலிக்காது. கோபம் மட்டும் கிடைக்கும்."

"சர்க்கரை இல்லாத மைசூர்பாகு மாதிரியா?"

"அதேதான்."

மந்திரி கனைத்துக்கொண்டது. அதற்குக் கனைக்கவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். "அம்மணி, ஓர் ஐயம். இல்லாதவர்களை வெறுக்கத் தொடங்கியவர்கள், இருக்கிற யாரிடமாவது வந்து நில்லாமல் போனதாக என் நினைவில் ஓர் எடுத்துக்காட்டும் இல்லை."

"உன் நினைவெல்லாம் ஐரோப்பாவுல இருக்கு மந்திரி. இது துறையூர்."

வெண்ணகத்தார் பிறந்தது இப்படித்தான். பெயர் அவளுடையது. அடையாளம் என்ன வைக்கலாம் என்றபோது, எல்லோரிடமும் எப்போதாவது தென்படுவதாகவும் யாரிடமும் நிலையாக இல்லாததாகவும் இருந்தால் நல்லது என்று மந்திரி சொன்னது. நகத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் புதுச் சட்டை கிடைக்கும் என்று சின்ன வயதில் குதித்த ஞாபகம் மெய்யம்மைக்கு வந்தது. அதையே வைத்துவிட்டாள். நகத்தில் வெள்ளைப் புள்ளி உள்ளவர்கள், தொன்றுதொட்டு நம்மோடு கலந்து வாழ்கிறவர்கள், கூடிப் பேசுகிறவர்கள், நம் தண்ணீரைக் கெடுக்கிறவர்கள். கேட்டால் 'அப்படி ஒரு கூட்டமே இல்லை' என்பார்கள். இல்லை என்று சொல்வதுதான் அவர்களுடைய முதல் தந்திரம். இந்தக் கடைசி வரியை எழுதி முடித்தபோது மெய்யம்மை தன்னைத் தானே முதுகில் தட்டிக்கொள்ளாத குறைதான்.

மண்ணச்சநல்லூர் சந்தை மைதானத்தில் பொன்னிறைவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நம்ம தண்ணி ஏன்யா கசக்குது?" கூட்டம் கைதட்டவில்லை. கைகளை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டது. பிரியாணி தீர்ந்த பிறகும் யாரும் எழுந்துபோகவில்லை.

அதற்கப்புறம் ஊரில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. நகப்பூச்சு கடைகளில் தீர்ந்துபோய், ஆண்களும் மருதாணி வைத்துக்கொண்டு அலுவலகம் போனார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணின் கையை வாங்கிப் பார்த்து முடிப்பதற்குள் பஜ்ஜி ஆறிப்போயிற்று. திருமணத் தரகர்கள் 'நகம் சுத்தம்' என்று ஒரு வரி சேர்த்தார்கள். ஒரு பேராசிரியர், பழைய பாட்டு ஒன்றில் வரும் 'வெள்ளுகிர்', அதாவது வெள்ளை நகம், என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கருத்தரங்கம் நடத்தினார். அவரை மறுத்த இன்னொரு பேராசிரியரோ, வெண்ணகத்தார் அதற்கும் முந்தியவர்கள் என்றார். இல்லவே இல்லை என்று சொல்ல அரங்கத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, சொன்னால் மதிய உணவு கிடைக்குமா என்பதும் சந்தேகம்தான். மெய்யம்மை இதையெல்லாம் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தாள். யாருக்கும் அடி விழவில்லை, யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை. மந்திரியிடம் போய், "பாத்தியா?" என்று கேட்டாள்.

"பார்த்துக்கொண்டிருக்கிறேன், அம்மணி," என்றது அது.

சிரிப்பு முதலில் நின்றது, கார்வண்ணன் வந்த அன்று. பொதுப்பணித் துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டையோடு வந்து, நாற்காலியில் நேராக உட்கார்ந்தார்.

"நான் அகில உலக வெண்ணகத்தார் முன்னேற்றச் சங்கத்தோட தலைவர். எங்களுக்கு ஒரு கோரிக்கை மனு எழுதணும். தனி இடஒதுக்கீடு, ஒரு மணிமண்டபம்."

மெய்யம்மை கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தி, கூடுமானவரை மரியாதையாகச் சொன்னாள். "சார், நீங்க பெரியவங்க. உங்ககிட்ட மறைக்க வேணாம். வெண்ணகத்தார்னு யாரும் இல்ல. நான்தான் இந்த மேசையில உக்காந்து எழுதினேன்."

கார்வண்ணனின் முகம் வாடியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ரெண்டாயிரம் வருஷமா எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க, நாங்க இல்லைன்னு. படிச்ச பொண்ணு, நீங்களுமா?"

"சார், நாலு மாசம்தான் ஆகுது!"

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஏதோ ஒரு குறை இருந்துச்சும்மா. எல்லாரையும்போல இல்லையேன்னு. பிரமோஷன் தள்ளிப்போனப்பல்லாம் ஏன்னு தெரியல. இப்பத்தான் தெரியுது." அவர் தன் பத்து விரல்களையும் மேசைமேல் விரித்து வைத்தார். கட்டைவிரலில் கடுகளவு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

அவள் மனு எழுதிக்கொடுத்தாள். வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சங்கத்தில் ஆள் சேர்ந்த வேகத்தைப் பார்த்த பொன்னிறைவன், தேர்தல் நெருங்கியதும் அதோடு கூட்டணி வைத்துக்கொண்டார். மெய்யம்மை பதறிப்போய் அவருக்குப் போன் செய்தாள்.

"என்ன சார் இது? அவங்களத்தான திட்டுனீங்க?"

"இவங்க நல்ல வெண்ணகத்தார் மேடம். பொன்னாடையெல்லாம் போத்துனாங்க. நான் சொன்னது கெட்ட வெண்ணகத்தார."

"அவங்க யாரு?"

"அது ஜனங்களுக்குத் தெரியும்," என்றார் பொன்னிறைவன், முழு நம்பிக்கையோடு.

ஜனங்களுக்கு ஆனி மாதத்தில் தெரிந்தது. மெய்யம்மையின் கடை இருந்த தெருவில் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. தெருமுனையில் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டியபோது குடிநீர்க் குழாய் உடைந்து, பக்கத்துச் சாக்கடை அதில் கலந்துகொண்டிருந்தது. குழியை எட்டிப் பார்த்த எவருக்கும் தெரியும், வாடையே சொல்லும். ஆனால் அதே தெருவில் இருந்த காப்பீட்டு முகவர் சபேசனின் பேத்தியை மருத்துவமனையில் சேர்த்த அன்று, குழியை யாரும் எட்டிப் பார்க்கும் மனநிலையில் இல்லை.

காலையில் மெய்யம்மை வந்தபோது தெருவில் கூட்டம். நடுவில் தவசி. மூன்று மாடியானாலும் கேன் தண்ணீரைத் தோளில் வைத்து ஏறிக் கொண்டுவந்து போடுகிறவர், சாயல்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஊரில் யாரும் இல்லை, இங்கேயும் யாரும் இல்லை, தண்ணீர்க் கிடங்கின் ஓரத்திலேயே படுக்கை. அவருடைய மூன்று சக்கர வண்டியைக் கவிழ்த்துப்போட்டிருந்தார்கள். கேன்கள் உருண்டு கிடந்தன. சபேசன் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மாவு மில் சகுந்தலா இடது கையைப் பிடித்து விரல் விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் மெய்யம்மைக்கு வேண்டியவர்கள். சகுந்தலா வீட்டு அதிரசம் இல்லாமல் அவளுக்குத் தீபாவளியே வந்ததில்லை.

"இருக்கு!" என்று சகுந்தலா கத்தினாள். "மோதிர விரல்ல, ரெண்டு!"

"எனக்குச் சாதிச் சான்றிதழ் இருக்குய்யா," என்றார் தவசி. உதட்டில் ரத்தம் வழிந்தது. "கெடங்குல, பெட்டியில வச்சிருக்கேன். எடுத்துட்டு வந்து காட்டுறேன், கைய விடுங்கய்யா."

"தப்பிச்சு ஓடவா? எம் பேத்திக்குக் குளுக்கோஸ் ஏறிக்கிட்டு இருக்குடா!" சபேசனின் கண்கள் அழுது சிவந்திருந்தன. பல் மருத்துவமனைக் கம்பவுண்டர் எங்கிருந்தோ ஒரு இரும்புக் குழாயைக் கொண்டுவந்தான். பின்னாலிருந்து யாரோ பெட்ரோல் என்று சொன்னார்கள். சொன்ன குரல் மிகச் சாதாரணமாக இருந்தது, பால் வாங்கி வரச் சொல்வதைப்போல.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் தவசிக்கு முன்னால் நின்றாள். "நிறுத்துங்க! எல்லாம் பொய்! வெண்ணகத்தார்னு யாரும் இல்ல. நான்தான் உண்டாக்கினேன். நானும் எங்க மெஷினும் உக்காந்து செஞ்சோம்!"

சபேசன் பரிதாபமாக அவளைப் பார்த்தார். "என்னம்மா நீ. எங்கப்பாவே சொல்லியிருக்காரு. சின்னப்புள்ளையில எங்கள மடியில வச்சுக்கிட்டு, வெண்ணகத்தான் கையால தண்ணி வாங்கிக் குடிக்காதீங்கன்னு சொல்லுவாரு."

"சொல்லியிருக்கவே முடியாது மாமா! அந்தப் பேர நான் போன கார்த்திகையிலதான் வச்சேன்!"

"அப்ப எங்கப்பா பொய் சொன்னாரா?"

அவள் போனை எடுத்து மந்திரியை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டாள். மந்திரி தன் செந்தமிழில், வெண்ணகத்தார் என்பது கற்பனையே என்று பிசிறில்லாமல் சொன்னது. சான்றுக்குத் தேதியும் நேரமும்கூடச் சொன்னது. கூட்டம் பொறுமையாகக் கேட்டது.

"மெஷினையும் வளைச்சுட்டாங்களா?" என்றான் கம்பவுண்டர், கவலையோடு.

"இல்ல இல்லன்னு சொல்றதுதான் அவனுங்க மொத வேலையே," என்றாள் சகுந்தலா. மெய்யம்மை எழுதிய வரி. அச்சுப் பிசகாமல் திரும்பி வந்தது.

கம்பவுண்டரின் கையில் இருந்த இரும்புக் குழாய் உயர்ந்தது. தவசி கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் மெய்யம்மைக்கு உண்மையின்மேல் இருந்த கடைசி நம்பிக்கையும் போயிற்று. எழுதிப் பழகிய மூளை மட்டும் தன் வேலையைப் பார்த்தது. அவள் சகுந்தலாவிடமிருந்து தவசியின் கையை வெடுக்கென்று பிடுங்கினாள். வெளிச்சத்தில் பிடித்து, புருவத்தைச் சுருக்கி, ஒவ்வொரு நகமாகப் பார்த்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"சே," என்றாள் சலிப்போடு. "இது அது இல்ல."

"என்ன மேடம்?"

"வெண்ணகத்தாருக்குப் புள்ளி குறுக்கால ஓடும், ஓரம் மஞ்சளா இருக்கும். இது வட்டமா இருக்கு பாருங்க. சுண்ணாம்புச் சத்துக் கொறச்சல். இவர் வெண்ணகத்தார் இல்ல."

"அப்படியா!" என்றார் சபேசன். கையை உடனே விட்டுவிட்டார். கம்பவுண்டர் குழாயைக் கீழே போட்டான். இதற்கு யாரும் சான்று கேட்கவில்லை. சகுந்தலா முந்தானையால் தவசியின் உதட்டைத் துடைத்து, "முன்னாடியே சொல்லக் கூடாதாண்ணே, சுண்ணாம்புச் சத்துன்னு," என்று கடிந்துகொண்டாள். நாலு பேர் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினார்கள். கேன்களைப் பொறுக்கி அடுக்கிக்கொடுத்தார்கள். எல்லோரும் நல்லவர்கள்தாம், அதில் மெய்யம்மைக்கு இப்போதும் சந்தேகமில்லை. அதுதான் அவளை வதைத்தது.

தவசி வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"சொல்லுங்கண்ணே."

"எனக்குச் சமாதானத்துக்குச் சொல்லலியே? நெசமாவே நான் அதுல இல்லல்ல?"

"இல்லண்ணே," என்றாள். "நீங்க அதுல இல்ல." அவர் கும்பிட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். போகும்போது தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டதை அவள் பார்த்தாள்.

அவளும் மாடிப்படியை நோக்கித் திரும்பினாள். ஆனால் கூட்டம் கலையவில்லை. கம்பவுண்டர் மருத்துவமனையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து தெரு நடுவில் போட்டு, தூசி தட்டினான். சகுந்தலா வீட்டிலிருந்து காபி வந்தது, டபராவோடு.

"உக்காருங்க மேடம்," என்றார் சபேசன். இத்தனை வருடமாக 'என்னம்மா' என்று கூப்பிட்டவர். "இவ்வளவு தெரிஞ்சவங்க நம்ம தெருவுலயே இருந்திருக்கீங்க, எங்களுக்குத்தான் தெரியல."

"மாமா, தெருமுனையில குழாய் உடைஞ்சிருக்கு. சாக்கடை கலக்குது. வாங்க, நானே காட்டுறேன்."

"குழாய் உடைஞ்சது தெரியுமே," என்றார் சபேசன். "எல்லாரும் பாத்தோம். குழாய என்ன மேடம் பண்ணச் சொல்றீங்க?"

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. பாடம் கேட்க வந்தவர்கள்போல அடக்கமாக நின்றார்கள், சிலர் செருப்பைக்கூடக் கழற்றியிருந்தார்கள்.

"தவசி இல்லைன்னு சொல்லிட்டீங்க, ஒத்துக்கிட்டோம்," என்றார் சபேசன். "அப்ப யாருன்னு நீங்களே சொல்லிடுங்க. காபி ஆறுது, குடிங்க. அவசரமில்ல மேடம், யோசிச்சே சொல்லுங்க. நாங்க இருக்கோம்."